சூசை முதல் ஈதன் வரை

நெல்லைச் சீமையில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் ஆண் பிள்ளை பிறந்தால், பிள்ளையைக் குளிப்பாட்டும் முன்பே பெயர்ப் பட்டியல் தயாராகிவிடுகிறது. பட்டியலுக்கு நிபந்தனைகள் உண்டு. வேதத்தில் உள்ள பெயராக இருக்க வேண்டும். இரண்டு, மிஞ்சினால் மூன்று எழுத்தில் முடிய வேண்டும். அர்த்தம் நல்லதாக இருக்க வேண்டும். டல்லாஸில் இருக்கும் தாய்மாமனின் பக்கத்து வீட்டுக்காரர் வாயிலும் நுழைய வேண்டும். சபையில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இருக்கக் கூடாது. கூடுமானால் 'ஜெ'யிலோ 'ஜோ'விலோ தொடங்க வேண்டும். இவ்வளவு சல்லடை போட்டுச் சலித்த பின் எல்லா வீட்டிலும் மிஞ்சுவது ஏறக்குறைய ஒரே கூட்டம்தான்: ஜோயல், ஈதன், நேதன், ஆஷர், கேலப், நோவா, எஸ்ரா, மைக்கா, ஆரோன்.

வீட்டு ஆச்சிக்கு இதில் பாதி விளங்காது. "ஈதனா? வேதத்துல எங்கல இருக்கு இந்தப் பேரு?" என்று மகனைக் கேட்பாள். வேதத்தை ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரை பலமுறை வாசித்து முடித்தவள் அவள். இருக்கிறது ஆச்சி. சாலொமோனின் ஞானத்தைச் சொல்ல வரும் ராஜாக்கள் புத்தகம், அவனோடு ஒப்பிட்டு நாலு பேரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதில் ஒருவன். 89-ஆம் சங்கீதத்தின் தலைப்பிலும் அவன் பெயர்தான். ஆனால் அவளுடைய தமிழ் வேதாகமத்தில் அவன் ஏத்தான். ஜோயல் அங்கே யோவேல், கேலப் காலேப், ஆஷர் ஆசேர், மைக்கா மீகா. பேரன் பெயர் வேதத்தில் இருக்கிறது. ஆச்சி வாசிக்கிற வேதத்தில்தான் இல்லை.

முன்பு இப்படி ஒரு இக்கட்டு எழவே இல்லை. எங்கள் பக்கத்துச் சபைகளில் 60, 70 ஆண்டுகளுக்கு முந்தைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு பெயரே அரை வரியைப் பிடித்துக்கொள்ளும். ஞானசிகாமணி, தேவாசீர்வாதம், வேதமாணிக்கம், அருமைநாயகம், மாசிலாமணி, பாக்கியநாதன், சத்தியநாதன், கிருபாகரன், ஜெபமணி. கூப்பிட்டு முடிப்பதற்குள் பையன் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். அதனால் வீட்டில் துரை, ராசா, தம்பி என்று ஒரு கூப்பிடு பெயர் இருக்கும். முழுப்பெயர் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்கும்போதும், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும், பிற்பாடு கலியாண ஓலை வாசிக்கும்போதும் வெளியே வரும். (எங்கள் ஊர்களில் ஐயர் என்றால் பாஸ்டர். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுக் குழம்புவது வழக்கம்.)

இந்த நீண்ட பெயர்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலானவை வேதத்தில் இல்லாதவை. வேதமாணிக்கம் என்று எந்த அதிகாரத்திலும் ஒருவரும் இல்லை. அவை ஜனங்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட பெயர்கள். மயிலாடியில் மகாராசன் என்பவர் தஞ்சாவூருக்குப் போய்க் கிறிஸ்தவராகித் திரும்பும்போது வேதமாணிக்கமாகத் திரும்பினார். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தச் சபையின் கதையே அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. ஞானம், வேதம், அருள், கிருபை, தேவன் என்று முன்னால் ஒரு சொல். மணி, மாணிக்கம், முத்து, நாயகம், நாதன் என்று பின்னால் ஒரு சொல். பக்கத்து வீட்டு இந்துவுக்கும் அர்த்தம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கத்தோலிக்கர் இதில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வேதத்துப் பெயரையே எடுத்துத் தமிழில் வார்த்தார்கள். பவுலுஸ் என்றால் லத்தீனில் சிறியவன். அவர் சின்னப்பர் ஆனார். ஸ்டெபனோஸ் என்றால் கிரேக்கத்தில் முடி, கிரீடம், அவர் முடியப்பர். யோவான் என்ற எபிரெயப் பெயருக்குள் கடவுளின் அருள் இருக்கிறது, அவர் அருளப்பர். லாசர் என்பதற்குக் கடவுளின் உதவி என்று பொருள், அது தேவசகாயம். 1745-இல் திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்த நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வைத்த பெயர் அதுதான். 1752-இல் ஆரல்வாய்மொழி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது உலகமே அவரைத் தேவசகாயம் என்று தமிழில்தான் அழைத்தது. லாசர் என்று சொல்லியிருந்தால் எத்தனையோ லாசர்களில் ஒருவராகப் போயிருப்பார்.

சின்னப்பன், முடியப்பன், அருளப்பன் ஆகிய பெயர்களை மொழிபெயர்ப்பு என்று இன்று யாரும் உணர்வதில்லை. அவ்வளவு நன்றாக ஊறிவிட்டன. சின்னப்பன் மாரியம்மன் கோயில் தெருவிலும் இருப்பான், மாதா கோயில் தெருவிலும் இருப்பான்.

சரி, குட்டிப் பெயர் என்பது இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பா? அப்படிச் சொல்ல முடியாது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களில் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துக்கீசியர் வழியாக வந்த பெயர்களில் பல குட்டிப் பெயர்கள்தான். ஜோஸே தமிழ் வாயில் விழுந்து சூசை ஆனது. தொமே தொம்மை ஆனது. சேவியர் சவேரியாகி, சவரியாகி, பிறகு முத்தும் சேர்ந்து சவரிமுத்து ஆனது. பெர்னாண்டோ, கோமஸ், ரோட்ரிகோ எல்லாம் குடும்பப் பெயராகப் பின்னால் ஒட்டிக்கொண்டன. இன்றும் தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சீர்திருத்தச் சபையிலும் இதே கதை உண்டு. தரங்கம்பாடி மிஷன் 1733-இல் முதன்முதலாகக் குருப்பட்டம் கொடுத்த தமிழர் கடலூர்க்காரர். ஆறுமுகமாக இருந்தவர் ஆரோன் ஆனார். இன்றைக்குப் புதுசு என்று தேடி எடுத்துவரும் ஆரோனுக்குத் தமிழ்நாட்டில் வயது கிட்டத்தட்ட 300.

சூசையை நினைத்தால் எனக்கு ஒரு கேள்வி வரும். இரண்டே எழுத்து. வேதத்தில் மிகவும் நல்லவன் என்று பெயர் வாங்கிய ஒருவனின் பெயர். தமிழ்க் காதுக்கு இதம். இன்றைய நிபந்தனை எல்லாவற்றிலும் தேறுகிறது. ஆனால் இன்று பிறந்த பிள்ளைக்குச் சூசை என்று பெயர் வைக்கத் துணிந்த ஒரு தகப்பனைக் காட்டுங்கள் பார்க்கலாம். நாம் தேடுவது குட்டிப் பெயர் அல்ல, இங்கிலீஷ்காரன் குட்டியாகச் சொல்கிற பெயர். இதை ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும்.

இங்கிலீஷ் ஆசை இன்று வந்தது இல்லை என்பதும் உண்மை. எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் முன்னெழுத்துகள் ஹென்றி ஆல்பிரட் என்பதன் சுருக்கம். 1858-இல் ஞானஸ்நானம் எடுத்த அவர் ஹென்றியையும் வாங்கிக்கொண்டார், கிருஷ்ணனையும் விடவில்லை. அதோடு இரட்சணிய யாத்திரிகமும் பாடினார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் விடுதிகளில் படித்த பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கக்காரர்களின் பெயரை வைக்கும் வழக்கம் இருந்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்று பெரிய தமிழறிஞர்கள் அந்தப் பெயர்களோடுதான் வாழ்ந்தார்கள். இவை வேதத்துப் பெயர்களும் அல்ல, அதுதான் வேடிக்கை. எங்கள் பக்கம் வில்சன், நெல்சன், எட்வின், கிங்ஸ்லி, கிளாட்ஸ்டன் என்று ஒரு தலைமுறையே வந்தது. கிளாட்ஸ்டன் இங்கிலாந்தின் பிரதம மந்திரி. எந்தச் சுவிசேஷத்திலும் வருகிறவர் அல்ல. ஆனால் பெயரைக் கேட்டதும் 'வேதக்காரப் பையன்' என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

எதிர்த்திசையில் நடந்தவர்களும் உண்டு. தஞ்சாவூர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் 1920-களின் இறுதியில் காந்தியிடம் போய்ச் சேர்ந்த காலத்தில், கொர்னேலியஸைக் கழற்றிவிட்டு முன்னோர் பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார். கொர்னேலியஸ் அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் ரோம நூற்றுக்கு அதிபதி. ஜோசப் மட்டும் 'ஜே' ஆகக் கடைசி வரை கூட இருந்தது. ஞானமுத்துவின் மகன் தேவநேசன் தனித்தமிழ் வழியில் தேவநேயன் ஆகி, தேவநேயப் பாவாணராக நிலைத்தார். கருணாமிர்த சாகரம் எழுதிய ஆபிரகாம் பண்டிதரின் மகனுக்கு என்ன பெயர் தெரியுமா? வரகுண பாண்டியன். விசுவாசிகளின் தகப்பனின் பெயரைத் தாங்கிய தகப்பன், பிள்ளைக்குப் பாண்டிய மன்னன் பெயரை வைக்கிறார். ஐயர் மறுத்ததாகவோ சபை முகம் சுளித்ததாகவோ கேள்விப்பட்டதில்லை.

பெயருக்குப் பின்னால் சத்தம் இல்லாமல் ஒரு சட்டமும் நிற்கிறது. அட்டவணைச் சாதியினர் யார் என்று வரையறுக்கும் 1950-ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தி, கிறிஸ்தவரான தலித்தை அந்தப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். அதனால் பல வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு பெயர்: கோயிலில் சாமுவேல், சான்றிதழில் வேறொன்று. டேனியல் என்று எழுதலாமா என்று ஒரு தகப்பன் பள்ளிக்கூட வாசலில் யோசித்து நிற்கும்போது அவன் யோசிப்பது அர்த்தத்தையோ எழுத்தின் எண்ணிக்கையையோ அல்ல. ஈதனா ஆஷரா என்று மூன்று மாதம் விவாதிக்கிற வசதி எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை.

குட்டிப் பெயர் இந்த 20, 25 ஆண்டுகளில் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு விசுவாசத்தைவிட விண்ணப்பப் படிவங்கள் பெரிய காரணம் என்பது என் எண்ணம். நமக்கு முன்னெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டுப் படிவம் இரண்டு கட்டம் கேட்கிறது. ஒற்றைப் பெயரோடு அமெரிக்க விசாவுக்குப் போனவர்களுக்கு முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகி வரும். முதல் பெயர் தெரியாது என்று அதற்குப் பொருள். 'தெரியாது' என்ற பெயரோடு கலிபோர்னியாவில் வங்கிக் கணக்கு திறந்த தகப்பன், தன் மகனுக்காவது தெளிவாக ஒரு பெயர் இருக்கட்டும் என்று நினைப்பதில் குற்றம் இல்லை. அதோடு தகப்பன் பெயரே குடும்பப் பெயராகிவிடுகிறது. அது ஏற்கெனவே அனுமார் வால். அதனால் பிள்ளையின் சொந்தப் பெயர் சுருங்கித்தான் ஆக வேண்டும். நோவா தேவாசீர்வாதம், ஈதன் ஞானசிகாமணி என்று பாதி சான் ஹொசேயும் பாதி நாசரேத்துமாக (எங்கள் நாசரேத்து) பெயர்கள் இப்போது கேட்கின்றன. எனக்கு அந்தச் சேர்க்கை பிடித்திருக்கிறது என்றே சொல்வேன். நோவாவுக்கு இன்னொரு கதையும் உண்டு. அமெரிக்க ஆண் குழந்தைப் பெயர்களில் 2013 முதல் 2016 வரை அதுதான் முதலிடம். அங்கே பிறந்த பெயரலை இரண்டு வருடத்தில் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்கிறது.

கத்தோலிக்கர் பக்கம் வழக்கமே தளர்ந்துவிட்டது. முன்பு பிள்ளை பிறந்த நாளுக்கு எந்தப் புனிதர் என்று நாட்காட்டியைப் பார்த்துப் பெயர் வைப்பார்கள். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கிறிஸ்தவப் பெயர் இருக்கும்படி பங்குக் குரு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. இல்லையென்றால் அவரே ஒரு புனிதர் பெயரைச் சேர்த்துவிடுவார். 1983-இல் வந்த புதிய சட்டம் கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இல்லாதிருந்தால் போதும் என்று நிறுத்திக்கொண்டது. 1995-இல் பல சபைகள் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் சின்னப்பர் பவுல் ஆனார், இராயப்பர் பேதுரு ஆனார், அருளப்பர் யோவான் ஆனார். ஒற்றுமைக்கு அது நல்லது, சந்தேகம் இல்லை. ஆனால் வாசிக்கும் வேதத்திலிருந்தே சின்னப்பர் போன பிறகு பிள்ளைக்குச் சின்னப்பன் என்று யார் வைக்கப் போகிறார்கள்?

அன்று பெயர் வந்த வழி வேறு. தாத்தா பெயர் பேரனுக்கு என்பது பொது விதி. அதை மீற வேண்டுமானால் காரணம் வேண்டும். காரணம் பெரும்பாலும் ஒரு பொருத்தனையாக இருக்கும். பல வருடம் பிள்ளை இல்லாமல் ஜெபித்துப் பெற்றவன் சாமுவேல், ஏனென்றால் வேதத்தில் அன்னாள் சாமுவேலை அப்படித்தான் பெற்றாள். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த ஒரு பிள்ளைக்கு அப்படித்தான் சாமுவேல் என்று பெயர் வந்தது. தகப்பன் தாமஸ் வேதநாயகம், அந்த ஊர் ஐயர். பிள்ளை வேதநாயகம் சாமுவேல் அசரியா என்ற பெயரோடு 1912-இல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். அந்த வீட்டில் சாமுவேல் என்ற பெயருக்கு அர்த்தம் என்ன என்று யாரும் தேடியிருக்க மாட்டார்கள். சாமுவேலின் கதை தெரியும், அதுவே அர்த்தம்.

இன்று அர்த்தம் பார்க்கிறோம், கதை பார்ப்பதில்லை. எனக்கு இருக்கும் ஒரே பெரிய குறை இதுதான். ரூபன் என்ற பெயர் இனிமையானது. மூத்த மகனுக்குப் பொருத்தம் என்றும் சொல்வார்கள். தகப்பனின் மறுமனையாட்டியோடு சயனித்ததற்காக மூத்தவன் என்ற உரிமையை இழந்தவன் அவன். ஜோயல் என்றால் தீர்க்கதரிசி என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம். சாமுவேலின் மூத்த மகனும் யோவேல்தான்; நியாயாதிபதியாக உட்கார்ந்து லஞ்சம் வாங்கினான், அதனால்தான் ஜனங்கள் எங்களுக்கு ராஜா வேண்டும் என்று கேட்டார்கள். லேவி என்று இப்போது கேட்க ஆரம்பித்திருக்கிறது. அவனும் சிமியோனும் சீகேமில் செய்த படுகொலையைத் தகப்பன் யாக்கோபு சாகும்போதும் மன்னிக்கவில்லை. எஸ்றா பெரிய வேதபாரகன், சந்தேகம் இல்லை. வேற்று ஜாதியில் பெண் கட்டியவர்களை அந்த மனைவி பிள்ளைகளைப் பிரித்து அனுப்ப வைத்தவனும் அவன்தான். காதல் கலியாணம் செய்துகொண்ட ஒரு தம்பதி பிள்ளைக்கு எஸ்ரா என்று வைத்திருப்பதை அறிவேன். நான் வாயைத் திறக்கவில்லை.

இதற்காக இந்தப் பெயர்களை வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. வேதத்தில் அப்பழுக்கில்லாத ஆளைத் தேடினால் பெயரில்லாமல்தான் பிள்ளை வளர வேண்டும். தெரிந்துகொண்டு வைக்கலாமே என்றுதான் சொல்கிறேன். காலேப்பைப் பாருங்கள். வேவு பார்க்கப் போன 12 பேரில் பயப்படாத இருவரில் ஒருவன். 85 வயதில் யோசுவாவிடம் வந்து ராட்சதர்கள் இருக்கிற அந்த மலைநாட்டைக் கொடு என்று கேட்டவன். இப்படி ஒரு கிழவனின் பெயரைப் பச்சைப் பிள்ளைக்கு வைக்கிறோம் என்று தெரிந்தால் அந்தப் பெயருக்கே ஒரு கனம் வந்துவிடும்.

தமிழ் வாயையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். ஏலி என்ற பெயர் அமெரிக்காவில் பிரபலம். நம் பள்ளிக்கூடத்தில் முதல் நாளே அவன் எலி ஆகிவிடுவான். மார்க் என்று வைத்தால் பரீட்சைதோறும் "மார்க் எத்தனை மார்க்கு?" என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். ஜூடா நல்ல கோத்திரம்தான், தாவீதின் கோத்திரம். ஆனால் யூதா என்றதும் தமிழ்க் காதில் விழுவது 30 வெள்ளிக்காசு. யூதாவின் மூத்த மகன் பெயர் ஏர். இதைவிடக் குட்டியாக, இதைவிடத் தமிழாக ஒரு வேதப்பெயர் கிடைக்காது, ஆனால் அவன் கெட்டவன் என்று கர்த்தரே அழித்துப்போட்டார். ரூத்தின் புத்தகத்தில் கடைசி அதிகாரத்தில், தாவீதின் முன்னோர் வரிசையில் ஒருவன் பெயர் ராம். வைத்துப் பாருங்கள், சபையிலும் சரி, ஊரிலும் சரி, விளக்கம் சொல்லியே ஆயுள் முடிந்துவிடும்.

குட்டியாகவும் வேண்டும், வேதத்திலும் வேண்டும், தமிழாகவும் வேண்டும் என்றால் என் வாக்கு ஒரு பெயருக்குத்தான். சூசை என்பது யோசேப்புதான். யோசேப்பு என்றால் எபிரெயத்தில் பெருகுவது, கூடுவது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணியை முடித்தபோது அதன் நாயகனான சூசைக்கு வளன் என்று பெயரிட்டார். மூன்று எழுத்து. திருச்சியில் அந்தப் பெயரில் தூய வளனார் கல்லூரி இருக்கிறது. வளன் என்று பெயர் கொண்ட தமிழ்ப் பேராசிரியர்கள் இருந்திருக்கிறார்கள். டல்லாஸ்காரரும் 'வேலன்' என்றாவது சொல்லிவிடுவார். அதுவும் நமக்கு அந்நியம் அல்ல.

இல்லை, எங்களுக்கு ஈதன்தான் வேண்டும் என்றால் அதுவும் நல்ல பெயரே. வீட்டில் இருக்கும் தமிழ் வேதாகமத்தில் அவன் எங்கே, என்ன பெயரில் இருக்கிறான் என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஆச்சியைக் கூப்பிட்டு அந்த வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பேரனை அவள் ஏத்தான் என்று கூப்பிட்டால் திருத்தாதீர்கள். அவசரம் ஒன்றும் இல்லை. பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பிள்ளையின் பெயரை 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம்.